தீட்சை எடுக்கப்போறேன்னு எழுதியிருந்தேனே, அதுக்கான புதுப்பிப்பு

போன மாசம் இங்கே கேட்டிருந்தேன்: வர்ற அக்டோபர் 14 அன்னிக்கு பௌத்த தீட்சை எடுக்கிறேன், எப்படித் தயாராகணும், எஸ்.சி. சலுகை போயிடுமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சலுகை விஷயம் தெளிவாயிடுச்சு. 1990 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பௌத்தத்துக்கு மாறின பட்டியல் சாதியினருக்கும் அந்த உரிமை உண்டு.

புத்தம், தம்மம், சங்கம் மூணையும் சரணடையற திரிசரணம் மனப்பாடம். பஞ்சசீலம்ங்கிற ஐந்து ஒழுக்கங்கள்ல ஐந்தாவதுதான், அதாவது போதையை விட்டு விலகறதுதான், பாலி மொழியில நாக்குல புரளல: ‘சுராமேரய மஜ்ஜ பமாதட்டானா வேரமணி’. பந்தே (பௌத்த பிக்கு) துண்டு துண்டாப் பிரிச்சுச் சொல்லிக்கொடுத்தார். "வேரமணின்னா விலகி நிற்கிறது. யாரும் கட்டளை போடல, நீயா எடுத்துக்கிற பயிற்சி"ன்னார்.

1956ல நாக்பூர்ல அண்ணல் அம்பேத்கர் கொடுத்த 22 உறுதிமொழிகளையும் நோட்டுல எழுதினேன். ஆறாவதுல பேனா நின்னுடுச்சு. திதி, பிண்டம் கொடுக்கமாட்டேன். அப்பா போய் மூணு வருஷம். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடறது நான்தான். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாலு நாள் தவிச்சேன். சொன்னதும் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அன்னிக்கு நாலு பேருக்குச் சோறு போடலாமில்ல? அதுக்குத் தடை இல்லையே?"ன்னு கேட்டாங்க. தாராளமாப் போடலாம்மா.

கட்டப்போற வெள்ளை வேட்டி அப்பாவோடது. நேத்து அம்மாவே பெட்டியிலிருந்து எடுத்து, கஞ்சி போட்டு, மாடியில காயப்போட்டாங்க.