கலைச்சொல் விவாதம்: ‘முகநோக்குச் சாய்வு’ சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஆய்வுக்காக ஒருவர் வந்து கேள்வி கேட்டால், உள்ளதை விட்டுவிட்டு, அவர் எதை ஏற்றுக்கொள்வார் என்று தோன்றுகிறதோ அதைச் சொல்லிவிடுகிறோம். சோஷியல் டிசையரபிலிட்டி பயஸ் என்பது இதைத்தான். நம் சொற்கோவைக்காக இதற்குத் தமிழாகப் போன மடலில் வந்த ‘சமூக விரும்பத்தகுமைப் பக்கச்சார்பு’ எனக்கு உடன்பாடில்லை. நீளம் மட்டும் காரணமல்ல. பக்கச்சார்பு என்றாலே நம் பேச்சில் அது ஒரு குற்றச்சாட்டு. பதில் சொன்னவர்மேல் பழி விழுகிறது. வினாக்கொத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், கோளாறு பெரும்பாலும் கேட்கிற விதத்திலும் கேட்கிற இடத்திலும்தான் இருக்கிறது.

லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்கார்ந்து ஒரு அக்காவிடம் கடன் பற்றிக் கேட்கிறோம் என்று வையுங்கள். பக்கத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) எல்லாம் கேட்கும். மாமியார் வாசலில் நிற்பார். கூட்டிக்கொண்டு வந்த தோட்டத் தலைவரும் அங்கேயே இருப்பார். அந்த நேரத்தில் ‘கடன் இல்லைங்க’ என்று அவர் சொன்னால் அது பொய்யா? எத்தனை முகங்களைப் பார்த்து அந்தப் பதில் வருகிறது! அதனால்தான் ‘முகநோக்குச் சாய்வு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். முகத்தை நோக்கிச் சாய்ந்த பதில். சாய்வு என்பதில் பழி இல்லை. நம் பாடப்புத்தகங்களில் கோட்டின் சரிவுக்குப் படித்திறன் என்ற சொல் இருப்பதால் கணிதத்தோடும் குழம்பாது.

‘நற்பெயர்ச் சாய்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் நல்ல பெயர் வாங்குவதற்காக மட்டுமா மறைக்கிறோம்? பயத்தாலும் மறைக்கிறோம். இலங்கை மலையகத்தில் அதற்குப் பெரிய சான்று குடிசன மதிப்பீடுதான் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு). 1911 முதல் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எண்ணினார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. 1971 இல் சுமார் 11.7 இலட்சமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981 இல் 8.2 இலட்சமாகக் குறைந்தது. கப்பலேறியவர்கள் முக்கியக் காரணம். இங்கேயே இருந்தவர்களில் ஒரு பகுதியினர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ‘நீங்கள் யார்’ என்று அரசாங்கம் கேட்கும்போது, போன தடவை சொன்ன பதிலால் என்ன நடந்தது என்பதும் மனதில் இருக்கும் அல்லவா? அதை நற்பெயர் ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கத்துக்கும் ஒரு முகம் உண்டு. முகநோக்கு அதையும் சேர்த்துக்கொள்ளும்.

‘முகதாட்சண்யம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதில் இரக்கமும் மரியாதையும்தான் தூக்கலாக இருக்கின்றன, அச்சம் இல்லை.

இந்தச் சாய்வு ஒரே திசையில் போவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் லாபியர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியரோடு அந்த நாடு முழுக்கச் சுற்றினார். 250 விடுதி, உணவகங்களில் ஓரிடத்தில் மட்டுமே இடம் மறுத்தார்கள். அப்புறம் அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, ‘சீனர்களை ஏற்பீர்களா’ என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 90 வீதத்துக்கு மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். ஆளை நேரே பார்க்கும்போது ஒரு நடத்தை, தாளில் வேறொரு பதில். கேட்டு வாங்கிய பதிலை மட்டும் நம்பி உண்மை கிடைத்துவிட்டது என்று சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, முகத்தை எப்படி விலக்குவது? இங்கேயும் சொற்கள் தேவை. 1965 இல் வார்னர் என்ற ஆய்வாளர் சொன்ன முறையில் ஒரு சுழலும் முள், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கூற்றுகளில் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும். முள் எங்கே நின்றது என்பது கேட்பவருக்குத் தெரியாது. தனி ஒருவரின் இரகசியம் காக்கப்படும். முள் ஒவ்வொரு கூற்றிலும் நிற்கும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்பே தெரியும் என்பதால் மொத்தக் கணக்கு கிடைத்துவிடும். இதற்கு ‘மறைவினா முறை’ எனலாம்.

இன்னொன்று லிஸ்ட் எக்ஸ்பெரிமென்ட். ‘பட்டியல் சோதனை’ என்றால் எதுவும் விளங்காது. குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்த பெண்களில் ஒரு குழுவிடம் மூன்று கூற்றுகளைப் படிக்கிறோம்: இந்த வருஷம் நகை அடகு வைத்தேன், கோயில் திருவிழாவுக்குக் காசு கொடுத்தேன், கொழும்புக்குப் போய் வந்தேன். எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்று மட்டும் சொன்னால் போதும். மற்றக் குழுவுக்கு நாலாவதாக ஒன்று: வீட்டுக்காரருக்குத் தெரியாமல் குழுக்கடன் எடுத்தேன். முதல் குழுவின் சராசரி 1.6, மற்றதன் சராசரி 1.9 என்று வந்தால், ஏறத்தாழ 30 வீதத்தினர் அப்படிக் கடன் எடுத்திருக்கிறார்கள். நாலும் பொருந்தும் என்று ஒருவர் சொன்னாலொழிய, யாரென்று நமக்கும் தெரியாது, வாசலில் நிற்கும் மாமியாருக்கும் தெரியாது. பதில் ஒரு தொகையாகவே வருவதால் ‘தொகைப்பதில் சோதனை’ என்பது என் முன்மொழிவு. குழுக்கள் சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கு தடுமாறும் என்பதையும் சொற்கோவை விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

கேள்வியே கேட்காமல் நடத்தையைப் பார்க்கும் சோதனைக்குத்தான் எனக்குச் சரியான சொல் அகப்படவில்லை. தகுதி ஒன்றாகவும் பெயர் வேறாகவும் உள்ள வேலை மனுக்களை அனுப்பி, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது. இந்தியாவில் தோரட், அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்து 2007 இல் வெளியிட்ட ஆய்வில், தலித், முஸ்லிம் பெயருள்ள மனுக்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. இங்கே பெயரை மாற்றவேண்டிய தேவைகூட இல்லை. ஒரு மனுவில் தோட்டத்து விலாசம், மற்றதில் டவுன் விலாசம் போட்டாலே போதும், கேட்டால் எந்த முதலாளியும் ஒத்துக்கொள்ளாத ஒன்று வெளியே வரலாம். ‘இணைமனுச் சோதனை’ என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பல்கலைக்கழகத்தில் தமிழில் ஆய்வேடு எழுதும் நம் பிள்ளைகளுக்கு இப்போதே தேவைப்படுகிறது.