ரெய்டு தானாகக் கூடுவதைத் தடுக்க அந்த ஒரு கர்னல் வரி போதாது

வட்டுக்காவலர்:
லினக்ஸில் பல வட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பதுதான் ரெய்டு; பூட் ஆகும்போது அவை தானாக ஒன்றுசேர்வதைத்தான் கூடுவது என்கிறோம். கர்னல் வரி என்பது பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி. "கர்னல் வரியில் ரெய்டு=நோஆட்டோடிடெக்ட் போடுங்கள், அதற்குப் பிறகு சர்வர் பூட் ஆகும்போது எந்த ரெய்டும் தானாகச் சேராது" என்று கர்னல்கிறுக்கன் நேற்று வேறொரு இழையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் நன்றி சொல்லி எடுத்துப் போயிருக்கிறார்கள். வயிறு எரிகிறது. அந்த வரி, பார்ட்டிஷன் வகை எஃப்டி, மெட்டாடேட்டா (வட்டில் எழுதப்படும் ரெய்டு விவரம்) 0.90 என்று இருக்கும் பழைய வட்டுகளுக்கு மட்டும்தான். இன்று எம்டிஅட்ம் (ரெய்டை உருவாக்கிக் கூட்டும் கருவி) இயல்பாக எழுதும் மெட்டாடேட்டா 1.2. அதைக் கர்னல் தானாகத் தேடுவதே இல்லை. வட்டு தென்பட்டதும் யூடெவ் (வட்டு போன்ற சாதனங்கள் வருவதைக் கவனிக்கும் நிரல்) விதி எம்டிஅட்மைக் கூப்பிடுகிறது, அதுதான் கூட்டுகிறது.

கர்னல்கிறுக்கன்:
கர்னல் ஆவணத்தில் அந்த வரி இருக்கிறதா இல்லையா? என் சர்வர்களில் போட்டிருக்கிறேன், ஒன்றும் கூடவில்லை.

வட்டுக்காவலர்:
இருக்கிறது, யார் இல்லை என்றது? உங்கள் சர்வரில் 1.2 வட்டு இருக்கிறதா? எம்டிஸ்டாட்டை (எந்த ரெய்டு கூடியிருக்கிறது என்று காட்டும் கோப்பு) இங்கே ஒட்டுங்கள், பார்ப்போம்.

புதுவரவு:
அண்ணே, ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு இரண்டு வட்டை அப்படியே கொடுத்திருக்கிறேன். உள்ளே அது ரெய்டு 1 (இரண்டு வட்டிலும் ஒரே நகல்). ஆனால் ஹோஸ்ட் (அந்த மெஷினை ஓட்டும் சர்வர்) பூட் ஆனதும் எம்டி127 என்ற பெயரில் அங்கேயும் கூடிவிடுகிறது.

வட்டுக்காவலர்:
தம்பி, முதலில் அந்த மெஷினை நிறுத்துங்கள். ஹோஸ்டும் அதுவும் ஒரே வட்டில் எழுதினால் டேட்டா போய்விடும். பிறகு ஹோஸ்டில் எம்டி127ஐ நிறுத்திவிட்டு, எம்டிஅட்ம்.கான்ஃப் கோப்பில் "ஆட்டோ -ஆல்" என்று எழுதுங்கள். அதே கோப்பில் அரே (ஒரு ரெய்டைக் குறிக்கும்) வரியில் சொன்னவை மட்டும் கூடும், மற்றவை சேராது. அந்த ஒன்றை மட்டும் தடுக்க வேண்டுமென்றால், அரே வரியில் பெயர் வரும் இடத்தில் <இக்னோர்> போட்டு அதன் யூயூஐடியை, அதாவது தனி அடையாள எண்ணை, கொடுங்கள். எது செய்தாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் (பூட் தொடங்கியதும் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) திரும்பக் கட்டுங்கள். டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ, ரெட்ஹாட் பக்கம் டிராகட் -எஃப். பூட் தொடங்கும்போது படிக்கப்படுவது அதற்குள் இருக்கும் எம்டிஅட்ம்.கான்ஃபின் பழைய நகல்தான். இதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் "வேலை செய்யவில்லை" என்று வருகிறார்கள்.

பழம்பெருசு:
எதற்கு இவ்வளவு? எம்டிஅட்ம் பேக்கேஜையே தூக்கிவிடுங்கள். யூடெவ் விதியும் அதோடு போய்விடும்.

வட்டுக்காவலர்:
ஹோஸ்டின் ரூட்டும் (அதன் சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பகுதி) ரெய்டில் இருந்தால்? அடுத்த பூட்டில் ரூட் கிடைக்காமல் நிற்கும். அதற்கும் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா ஐயா?

பழம்பெருசு:
ரூட் ரெய்டில் இருக்கிறது என்று அவர் சொன்னாரா? பூட் பார்ட்டிஷனுக்கு 1.0 மெட்டாடேட்டா பற்றி நான் பேசியபோதும் இப்படித்தான் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

வட்டுக்காவலர்:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அப்போதும் நான் சொன்னதுதான் சரி.

கர்னல்கிறுக்கன்:
பேச்சை மாற்ற வேண்டாம். கர்னல் ஆட்டோடிடெக்ட்டை அந்த வரி நிறுத்துகிறதா இல்லையா?

வட்டுக்காவலர்:
நிறுத்துகிறது. நீங்கள் எழுதியது "எந்த ரெய்டும்". 1.2 வட்டுக்கு அந்த வரி ஒன்றுமே செய்யாது. எத்தனை முறை சொல்வது?

கர்னல்கிறுக்கன்:
ஆட்டோடிடெக்ட் என்றால் கர்னல் செய்வது. யூடெவ் செய்வதை நான் சேர்க்கவே இல்லை.

நள்ளிரவுஷிஃப்ட்:
சண்டையே வேண்டாம். கர்னலில் ரெய்டைப் பார்க்கும் எம்டி மாட்யூலுக்கு ஸ்டார்ட்_ஆர்ஓ=1 கொடுங்கள். கூடினாலும் படிக்க மட்டும்தான், ரீசிங்க்கும் (வட்டுகளை மறுபடி ஒத்திசைப்பது) ஓடாது.

வட்டுக்காவலர்:
அதில் முதல் முறை எதையாவது எழுத வந்ததும் அந்தப் படிக்க-மட்டும் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். சரியாக மூடாத இஎக்ஸ்டி4ஐ (லினக்ஸின் கோப்பு முறை) ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் ஜர்னலை (முடியாத எழுத்து வேலைகளின் பதிவு) ஓட்ட அது எழுதும். கேட்டது கூடாமல் தடுக்க, கூடிய பிறகு பூட்ட இல்லை.

நள்ளிரவுஷிஃப்ட்:
யார் மவுண்ட் செய்யச் சொன்னது? நான் சொல்லாததற்கெல்லாம் பதில் சொல்கிறீர்கள்.

கர்னல்கிறுக்கன்:
எனக்கும் அதையேதான் செய்தார். என் வரி சரி, ஆவணத்தைப் படியுங்கள்.

வட்டுக்காவலர்:
எம்டிஸ்டாட் கேட்டேனே, எங்கே?