பந்தைத்தான் எடுத்தேன் என்று நானும் சொன்னேன்

ரைட் பேக்:

2004 மே மாதம். நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊரில் கோயில் கொடையை ஒட்டி புட்பால் போட்டி வைத்திருந்தார்கள். அரையிறுதி ஆட்டம், எங்கள் டீமுக்கு நான் ரைட் பேக், வலது ஓரத்தில் தடுத்து ஆடுபவன். எதிர் டீமில் லெஃப்ட் விங்கில், எனக்கு எதிரே ஓடி வரும் இடத்தில், ஒரு பையன், கல்லூரியில் முதல் வருஷம். வெறுங்காலில் ஓடி ஓடிப் பழகியவன், பூட்ஸ் மாட்டினால் கேட்கவா வேண்டும்? இடைவேளைக்குள் மூன்று தடவை என்னைத் தாண்டிப் போய்விட்டான். சர்பத் கிளாஸைக் கையில் கொடுத்துக்கொண்டே எங்கள் டீமின் மூத்த ஆட்டக்காரர் காதோரம் சொன்னார்: "ஏல, ஒரு தடவ நல்லா போட்டுவிடு. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான்."

போட்டேன்.

அவன் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டியிருந்தான். நின்றபடியே எடுத்திருக்கலாம். நான் பாய்ந்தேன். வலது கால் விறைப்பாக நீண்டிருந்தது, உள்ளங்கால் முழுவதும் அவனைப் பார்த்து. பூட்ஸ் அடியில் இருக்கும் குமிழ், அந்த ஸ்டட், முதலில் பந்தில்தான் பட்டது. அது பொய்யில்லை. பந்து வெளியே போனது, ஆனால் என் கால் நிற்கவில்லை. அவன் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே போய் இறங்கியது. பச்சைப் பனைமட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்.

யாரோ பிளேடால் அவனுடைய சாக்ஸைக் கிழித்தார்கள். உள்ளே முன்னங்கால் எலும்பைக் காக்கும் ஷின் கார்டு இல்லை. பிஸ்கட் பெட்டி அட்டையை அளவாக வெட்டிச் சொருகியிருந்தான். அதில் பாதி எழுத்து தெரிந்தது. நான் அவனைப் பார்க்காமல் ரெஃப்ரியிடம் ஓடி, "சார், பந்தத்தான் எடுத்தேன், பந்தத்தான் எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எச்சரிக்கையாக மஞ்சள் கார்டு காட்டினார். பந்தல்காரர் வேனில் அவனைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் ஜெயித்தோம். எங்கள் ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகில்தான் தட்டிக்கொடுத்தார்கள்.

ஆறு வருஷம் கழித்து, 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கே நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கியது. நெதர்லாந்தின் நைஜல் டி யோங் காலை உயர்த்தி ஸ்பெயினின் சாபி அலோன்சோ நெஞ்சில் ஸ்டட்டோடு உதைத்தாரே, அந்த இடம் வந்ததும் வீட்டில் எல்லாரும் கத்தினார்கள். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. ரெஃப்ரி ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள்தான். தன் பார்வை மறைந்திருந்தது, அது ஆட்டத்தை விட்டே வெளியேற்றும் சிவப்பு கொடுக்க வேண்டியது என்று அவரே பின்னால் ஒத்துக்கொண்டார். எனக்கும் அன்றைக்கு ரெட் கார்டு கொடுத்திருக்க வேண்டும். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், அடித்தவரோ அடிபட்டவரோ, எழுதுங்கள்.

பாளை விசில்:

தம்பி, மனசைத் திறந்து எழுதியிருக்கீங்க. நான் பத்து வருஷத்துக்கு மேலாக விசில் பிடித்தவன், என் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆட்ட விதி 12 ஃபவுலை மூன்று படியாகப் பார்க்கிறது. கவனக்குறைவு என்றால் ஃபவுல் மட்டும், கார்டு கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் போனால் மஞ்சள். தேவைக்கு மீறிய வேகத்தோடு போனாலோ, எதிராளியின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றாலோ சிவப்பு. முன்னாலிருந்து வந்தாலும் சரி, பக்கவாட்டில் வந்தாலும் சரி, பின்னாலிருந்து வந்தாலும் சரி. பந்தில் பட்டால் மன்னிப்பு என்று அதில் எங்கேயும் இல்லை. எலும்பு முறிந்தால்தான் சிவப்பு என்றும் இல்லை.

இதை நம்ம ஊர் மைதானத்தில் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆட்டம் தொடங்கும் முன்பே கமிட்டிக்காரர் வந்து, "சார், ரெட்டு மட்டும் குடுத்துராதீங்க, கூட்டம் கலைஞ்சிரும்" என்பார். ஒரு தடவை உள்ளூர் டீம் கேப்டன் பின்னாலிருந்து இரண்டு காலையும் தூக்கிப் பாய்ந்தார். அடிபட்ட பையன் புழுதியைத் தட்டிவிட்டு எழுந்து நின்றுவிட்டான். நான் சிவப்பு காட்டினேன். அவ்வளவுதான், கயிற்றைத் தாண்டி ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். "அவனுக்குத்தான் ஒண்ணும் ஆகலயே, எதுக்குய்யா வெளியே அனுப்புத?" என்று சட்டையைப் பிடித்தார்கள். டியூப் லைட்டெல்லாம் கழற்றும் வரை மைக்செட் அறையில் உட்கார்ந்திருந்துதான் வீட்டுக்குப் போனேன்.

ஒன்றும் ஆகாமல் போனது அந்தப் பையனின் அதிர்ஷ்டம். கேப்டனின் பாய்ச்சல் அதனால் நல்ல பாய்ச்சல் ஆகிவிடாது. நான் பார்ப்பதெல்லாம் வருகிற காலைத்தான்: முழங்கால் மடங்கியிருக்கிறதா விறைத்திருக்கிறதா, உள்ளங்கால் தெரிகிறதா, எந்த உயரத்தில் வருகிறது, ஒரு காலாவது தரையில் இருக்கிறதா. அதற்குக் கிடைக்கும் நேரம் கண் இமைக்கும் நேரம்தான்.

1982 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர், பிரான்ஸின் பாட்டிஸ்டன் மேல் மோதினாரே, பாட்டிஸ்டன் பல் போய், நினைவிழந்து விழுந்தார். அதற்கு ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் பள்ளிக்கூடப் பையன்.

கரைமணல்:

உவரிப் பக்கம். நாங்கள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்கள். மணலில் சறுக்கினால் நாலு அடியில் நின்றுவிடும். விழுந்தாலும் வலிக்காது. அதே ஆட்டத்தை வெயிலில் காய்ந்த செம்மண் தரையில், காலில் ஸ்டட்டோடு ஆடும்போதுதான் வித்தியாசம் தெரியும். எங்கள் பையன்கள் பல பேர் அடித்தது கெட்ட எண்ணத்தில் இல்லை, தரை மாறியது தெரியாமல்தான்.

அதனால் எல்லாவற்றுக்கும் சிவப்பு என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. 2019 நவம்பரில் டாட்டன்ஹாமின் சன் ஹியூங் மின், எவர்ட்டனின் ஆந்த்ரே கோமஸைத் தட்டிவிட்டார். கோமஸ் தடுமாறி இன்னொருவர் மேல் மோதி, கணுக்கால் திரும்பிப் போனது. சன் தலையில் கைவைத்து அழுதார். ரெஃப்ரி முதலில் மஞ்சளை எடுத்துவிட்டு, கால் கிடந்த கிடப்பைப் பார்த்துச் சிவப்பாக மாற்றினார். அப்பீல் செய்தபின் அது ரத்தானது. காயத்தைப் பார்த்துக் கார்டு எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பேட்டைப் பொண்ணு:

எனக்கு உடைந்தது எலும்பு இல்லை, முழங்கால் ஜவ்வு. மகளிர் ஆட்டம், பக்கவாட்டிலிருந்து வந்தாள். பந்தில் பட்டதால் ஃபவுல்கூட இல்லை. "பொம்பளப் புள்ளைங்க ஆட்டம், அதுல என்ன பெரிய அடி பட்டிரப் போகுது" என்று கோட்டுக்கு வெளியே ஒருவர் சொன்னது தரையில் கிடந்த என் காதில் விழுந்தது.

அந்த வருஷம் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸாகி, ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். தினம் காலை அஞ்சு மணிக்கு அப்பா சைக்கிளில் பின்னாலேயே வருவார், கையில் ஸ்டாப்வாட்ச். அந்த ஸ்டாப்வாட்ச் இன்னும் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. ரைட் பேக் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனைப் போய்ப் பார்த்தீர்களா?

ரைட் பேக்:

கோபமே இல்லை, தங்கச்சி. கேட்க வேண்டிய கேள்வி. உடனே போகவில்லை, அடுத்த வருஷம்தான் போனேன். மாவுக்கட்டு பிரித்துப் பல மாதம் ஆகியும் கால் லேசாக வெளிப்பக்கம் திரும்பியே இருந்தது. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார்கள். "வெளையாட்டுல நடக்கதுதான், நீ என்ன செய்வ" என்றார்கள். அந்தக் காப்பியைக் குடித்து முடிக்க என்னால் முடியவில்லை.

கரைமணல், நீங்கள் சொன்ன சன் விஷயத்தில் எனக்கும் அதே எண்ணம்தான். கால் போன விதத்துக்குத்தான் கார்டு. விளைவு பெரிதாக இருந்ததால் அவருக்கு முதலில் சிவப்பு. விளைவு ஒன்றும் இல்லாததால் பாளை விசில் ஐயா சட்டையைப் பிடித்தார்கள். இரண்டும் ஒரே தப்பு. எனக்கு மஞ்சளோடு போனதற்குக் காரணம் பந்து. அதை இன்றைக்கும் டீக்கடையில் எடுத்துச் சொல்லி எனக்காக வாதாட ஆள் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நின்று ஆடுவதுதான் முதல் பாடம். உள்ளங்கால் தெரியப் பாய்ந்தால், யார்மேலும் படாவிட்டாலும் அன்றைக்கு வெளியேதான். போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்படிப் பாய்ந்தான். எதிரே இருந்தவன் துள்ளித் தப்பிவிட்டான். விசில் ஊதினேன். "அண்ணாச்சி, பந்தத்தான எடுத்தேன்? யார் மேலயும் படலயே!" என்று கண் கலங்க நின்றான். அவனை உட்காரவைத்து, அவனுடைய ஷின் கார்டைக் கழற்றி, இது எவ்வளவு மெல்லிசு என்று விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஆட்டம் முடியும் வரை மதில் மேல் உட்கார்ந்து அதை அழுத்திக்கொண்டே இருந்தான்.