டெக்சாஸின் ஜெர்மானியக் கிராமப்பள்ளிகளைப் பார்க்க எங்கே தொடங்கலாம்?

கேள்வி:
1846-இல் ஜெர்மானியக் குடியேறிகள் நிறுவிய ஃப்ரெடரிக்ஸ்பர்க் நகருக்கு அடுத்த மாதம் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். அதைச் சுற்றியுள்ள கில்லெஸ்பி மாவட்டத்தின் பழைய கிராமப்பள்ளிகளில், ஒரே நாளில் அவசியம் பார்க்க வேண்டியவை எவை?

பதில் 1:
நகர நடுவே உள்ள எண்கோண வடிவ ஃபெரைன்ஸ் கிர்ஹெயில் தொடங்குங்கள். 1847-இல் எழுந்த மூலக் கட்டடம் தேவாலயமாகவும் பள்ளியாகவும் பயன்பட்டது, இன்று நிற்பது அதன் மறுகட்டுமானம். பிறகு வடக்கே கிராப்ஆப்பிளுக்குச் செல்லுங்கள். அங்கே சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பள்ளியும் தேவாலயமும் அருகருகே நிற்பதைப் பார்க்கும்போது, பிழைப்புக்கே போராடிய விவசாயிகள் பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு உழைப்பைத் தந்தார்கள் என்பது புரியும். என்னைக் கேட்டால், நேரம் குறைந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

பதில் 2:
ஸ்டோன்வாலுக்கு அருகிலுள்ள ஜங்ஷன் பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு வயதில் லிண்டன் ஜான்சன் படித்த ஓரறைப் பள்ளி அது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரான பின், 1965 ஏப்ரல் 11 அன்று, தம் முதல் ஆசிரியை கேட் டெட்ரிக் லோனியை அருகில் அமர்த்திக்கொண்டு, ஏழை மாணவர்களின் பள்ளிகளுக்கு நிதி வழங்கும் கல்விச் சட்டத்தில் அந்தப் பள்ளி வளாகத்திலேயே கையெழுத்திட்டார்.

பதில் 3:
பல பள்ளிகள் இப்போது ஊர்க் கூடங்களாக இருப்பதால், உள்ளே பார்க்க விரும்பினால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். மழை பெய்தால் ஓடைநீர் சாலைமீது பாயும் தாழ்வான இடங்களில் வண்டியை இறக்காதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. காலையில் கிராப்ஆப்பிள், மாலையில் ஜங்ஷன் என்று வைத்துக்கொள்கிறோம்.