புதுப்பிப்பு: வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலைக்கு முதல் இரண்டு வாடிக்கையாளர்கள்

பிறருடைய அலுவலக வேலைகளை இணையம் வழியாகச் செய்து தரும் வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழில் தொடங்கியும் ஒரு வாடிக்கையாளர்கூடச் சிக்கவில்லை, எங்கே தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது இருவர் இருக்கிறார்கள், இருவருமே மாதாந்திர ஒப்பந்தத்தில்.

பலித்தது, "எல்லா வேலையும் செய்வேன் என்பதை எடுத்துவிடுங்கள்" என்ற யோசனைதான். என் சேவையைச் சொல்லும் வாசகத்தை "பயிற்சியாளர்களின் மின்னஞ்சலையும் காலண்டரையும் பார்த்துக்கொள்கிறேன், வாரம் 5 மணி நேரம்" என்று சுருக்கி, முன்பு கூட வேலை பார்த்த 30 பேருக்குத் தனித்தனியாக நாலு வரி அனுப்பினேன். "உங்களுக்கு வேண்டுமா?" என்பதைவிட "இதில் திணறுகிற யாரையாவது தெரியுமா?" என்று கேட்டபோதுதான் பதில் வந்தது. முதலாமவர் அப்படிக் கிடைத்தவர், அடுத்தவர் அவர் சொல்லி வந்தவர். ஃப்ரீலான்ஸ் தளங்களில் எதுவும் தேறவில்லை. மதிப்புரை இல்லாத புதுக் கணக்கு அங்கே விலையைக் குறைத்துத்தான் மோத வேண்டியிருக்கிறது.

எதிர்பாராத சிக்கல்: இருவரும் கட்டணத்துக்குத் தயங்கவில்லை, பாஸ்வேர்டு தரத்தான் தயங்கினார்கள். தரவே வேண்டாம். வாடிக்கையாளர் கணினியில் தன் ஜிமெயில் அமைப்புகளுக்குள் கணக்குகள் பகுதிக்குப் போய், உங்கள் முகவரியைப் பிரதிநிதியாக (delegate) சேர்த்தால் போதும். அழைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். இதில் காலண்டர் சேராது! அதைத் தனியாக, நிகழ்வுகளை மாற்றும் அனுமதியோடு பகிரச் சொல்ல வேண்டும். வெறும் பார்வை அனுமதி தந்துவிட்டால் ஒரு சந்திப்பைக்கூட நகர்த்த முடியாது.

இலவசச் சோதனை வாரம் தரவில்லை. 5 மணி நேரத்துக்கு முன்பணம் வாங்கித்தான் தொடங்கினேன்.