புதுப்பிப்பு: பழைய 486 கணினியில் டெமோ ஓடிவிட்டது, பாட்டோடு

போன வாரம் புலம்பியிருந்தேனே, 1993-ஆம் ஆண்டு டாஸ் டெமோ (பாட்டும் அசையும் படமுமாக வித்தை காட்டும் சிறு நிரல்) ஒன்று படம் மட்டும் காட்டுகிறது, சத்தமில்லை, பாதியில் உறைந்துவிடுகிறது என்று. சரியாகிவிட்டது.

ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீண். கடைசியில் சவுண்ட் கார்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ஐஆர்க்யூ ஜம்பர் (கார்டு எந்த எண் வழியாகச் செயலியைக் கூப்பிட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சிறு செருகி) 5-இல் இருக்கிறது. கணினி தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்செக்.பேட் கோப்பிலோ 'செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ7 டி1', அதாவது ஐஆர்க்யூ 7. கார்டு ஒரு கதவைத் தட்ட, டெமோ வேறு கதவில் காத்திருந்திருக்கிறது! 7-ஐ 5 ஆக்கினேன், பாட்டு வந்துவிட்டது. ஜம்பரையே 7-க்கு மாற்றியிருக்கலாம்தான். ஆனால் அது வழக்கமாக பிரிண்டர் போர்ட்டுக்கான எண், எதற்கு வம்பு?

உறைந்தது தனிக் கதை. நினைவகத்தில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் 'மெம் /சி' கட்டளையைப் போட்டால், டாஸ் நிரல்களுக்கான 640 கேபிக்குள் சிடி டிரைவரும் மவுஸ் டிரைவரும் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தன. இரண்டையும் ஏற்றும் வரிகளின் முன்னால் 'ரெம்' போட்டு, அவை ஏறாமல் நிறுத்தினேன். அப்போதும் பாதிதான் ஓடியது. ஈஎம்எம்386 என்ற நினைவக மேலாளரைத் தூக்கச் சொன்ன நண்பர் சொன்னதே சரி: அது செயலியைத் தன் பிடியில் வைத்திருக்கும், இந்த மாதிரி டெமோக்களுக்கு அது ஆகாது. ஹைமெம் என்ற இன்னொரு நினைவக டிரைவர் மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது ஃபேன் இரைச்சல்தான் பாட்டைவிட அதிகம்.