ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் ராயல்டி வசூலிக்க ஒரு சங்கம் வேண்டுமா?

தூரிகை:
ஒரு வார இதழ்த் தொடர்கதைக்கு முன்பு கோட்டோவியங்கள் வரைந்தேன். அந்தக் கதை இப்போது நூலாக வந்திருக்கிறது, அட்டையிலும் உள்ளேயும் என் படங்களோடு. கீழ் மூலையில் இருந்த கையெழுத்தை வெட்டியிருக்கிறார்கள். அதோடு சேர்ந்து கதாநாயகியின் முந்தானையும் பாதத்தின் பாதியும் போய்விட்டன. கேட்டதற்கு, "அப்போதே பணம் கொடுத்தாயிற்றே" என்று பதில் வந்தது.

பிரிட்டனில் எழுத்தாளர்களுக்கு ஏஎல்சிஎஸ் 1977-இலும், ஓவியர்களுக்கும் நிழற்படக் கலைஞர்களுக்கும் டிஏசிஎஸ் 1984-இலும் தொடங்கப்பட்டன. நூலும் இதழும் நகலெடுக்கப்படுவதற்கு வசூலாகும் தொகையில் இவர்களுக்குப் பங்கு வருகிறது. ஓவியம் கைமாறி விற்கும்போது 2006 முதல் ஓவியருக்கும் ஒரு பங்கு உண்டு. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவும் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் 10 சதவீதம் வரை பங்கு பெற வழி செய்கிறது. ஆனால் ஏலக்கூடத்து வாசலில் போய் நின்று அதை வாங்கிவர ஓர் ஓவியரால் ஆகுமா? எழுத்தாளர், ஓவியர், நிழற்படக் கலைஞர் எல்லோரும் சேர்ந்து ஒரு வசூல் சங்கம் வைக்க வேண்டும் என்கிறேன்.

வகுப்பறை:
ஐயா, உங்கள் படத்துக்கு நேர்ந்தது அநியாயம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வசூல் சங்கம் என்றதும் எனக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. பாடப் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்த ராமேஸ்வரி கடைமீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. பல்கலைக்கழகம் ஐஆர்ஆர்ஓ என்ற நகலெடுப்பு உரிமைச் சங்கத்திடம் உரிமம் வாங்கட்டும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். வழக்கைக் கைவிடும்படி அமர்த்தியா சென் உள்ளிட்ட அறிஞர்களே கேட்டுக்கொண்டார்கள். யாருக்காகப் போட்டதாகச் சொன்னார்களோ அவர்களே வேண்டாம் என்ற வழக்கு அது! 2016-இல் உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. மறு ஆண்டு பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. ஐஆர்ஆர்ஓ மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. என் வகுப்பில் மதிய உணவுக் காசை மிச்சம் பிடித்து நகலெடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். படைப்பாளியின் பெயரைச் சொல்லி அவர்களிடம் கை நீட்டுகிற சங்கம் எனக்கு வேண்டாம்.

தூரிகை:
உங்கள் மாணவரிடம் ஒரு ரூபாய்கூட நான் கேட்கவில்லை அம்மா. நாட்காட்டி அடிக்கிற நிறுவனமும், வரவேற்பறைச் சுவரில் எங்கள் படத்தைப் பெரிதாக்கி மாட்டுகிற விடுதியும் கொடுக்கட்டும். டெல்லித் தீர்ப்பு கல்விக்கான விதிவிலக்கு. அதை மதிக்கிறேன். விடுதிக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் அந்த விதிவிலக்கு எங்கே இருக்கிறது?

தனியாகப் போராடினால் என்ன ஆகும் என்பதற்குச் சிற்பி அமர்நாத் சேகல் போதும். டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அரசே பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. 1992-இல் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு வந்தது 2005-இல்: ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும், மிஞ்சிய துண்டுகளும். பெயர் பெற்ற சிற்பிக்கே இவ்வளவு காலம் பிடித்தது. மாவட்டத் தலைநகரில் இருக்கிற ஓவியர் எந்தக் காலத்தில் வென்று வருவார்?

ஒளிக்கீற்று:
நான் நிழற்படக்காரன். சங்கத்துக்கு நான் எதிரியல்ல. ஆனால் தூரிகை அண்ணன் அடித்தளம் போடாமல் மாடி கட்டப் பார்க்கிறார். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த படத்துக்கும், வரைந்த ஓவியத்துக்கும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். திருமணத்துக்கு எடுத்த படம் திருமண வீட்டாருடையது. இதழ் கேட்டு வரைந்த படத்துக்கும் இதே பிரிவைத்தான் காட்டுவார்கள். நாளைக்குச் சங்கம் வைத்து வசூலித்தால் அந்தப் பணம் யாருக்குப் போகும்? உரிமையாளருக்கு. உரிமை இதழிடம் இருந்தால் பணமும் இதழுக்கே. படம் வரைந்த அண்ணனுக்கு அப்போதும் ஒன்றும் வராது.

2012 திருத்தத்துக்குப் பிறகு நிழற்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் அறுபது ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. உரிமையை முதல் நாளே தாரை வார்த்தவருக்கு அறுபது ஆண்டு எதற்கு? ஒரு கோயில் திருவிழாவுக்கு நானாகப் போய் எடுத்த படங்கள் என்னுடையவை. அவற்றுக்கு இன்றும் காசு கேட்கிறேன், வாங்குகிறேன். கூலிக்கு எடுத்தவற்றுக்கு முன்கூட்டியே ஒரு தாளில் "உரிமை எடுத்தவருக்கே, இந்த இதழில் ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி" என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். முதலில் இதைச் செய்வோம், சங்கம் பிறகு வரட்டும்.

தூரிகை:
அந்தத் தாளை நீட்டினால் அடுத்த வாரம் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், தம்பி. தனி ஆளாகக் கேட்க முடியாததால்தானே சங்கம் கேட்கிறேன்? பாடலாசிரியர்களையும் இசையமைப்பாளர்களையும் பாருங்கள். அவர்கள் கூட்டாகக் கேட்டார்கள், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் பேசினார், அதே 2012 திருத்தம் அவர்களின் ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி செய்தது. தாளில் இருந்த கையெழுத்தைச் சட்டமே செல்லாததாக்கியது. வரைகிறவனுக்கு ஏன் அது கிடைக்கக் கூடாது?

அச்சுக்கூடம்:
சிறு பதிப்பாளர் தரப்பையும் கேளுங்கள். ஒரு கவிதை நூலை முந்நூறு படிகள் போடுகிறேன். தாள், அச்சு, கடைக்காரர் கழிவு எல்லாம் போக, நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வந்தால்தான் போட்ட பணம் கைக்கு வரும். ராயல்டியே இழுபறி. இதற்கு மேல் ஒரு சங்கமும் வசூலுக்கு வந்தால் கவிதை போடுவதையே நிறுத்திவிடுவேன்.

ஏட்டறை:
நூலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வாசகரிடமும் வாங்க வேண்டாம், பதிப்பாளரிடமும் வாங்க வேண்டாம், வேறு வழி இருக்கிறது. நூலகத்தில் இருக்கும் நூல்களுக்காக அரசு ஆசிரியருக்கு ஒரு சிறு தொகை கொடுக்கும் முறை டென்மார்க்கில் 1946-இலேயே வந்துவிட்டது. பிரிட்டனில், நூல் இரவல் போவதைக் கணக்கிட்டுக் கொடுக்கும்படி 1979-இல் சட்டமானது. அங்கே ஓவியர், நிழற்படக் கலைஞர், மொழிபெயர்ப்பாளர் என்று நூலில் பங்குள்ளவர்களுக்கும் கிடைக்கிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டு என்று உச்ச வரம்பு வைத்திருப்பதால், அதிகம் இரவல் போகும் நூல்களை எழுதியவரே மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. நம் தமிழ்நாட்டில் 1948 முதல் பொது நூலகச் சட்டம் இருக்கிறது, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அதில் ஒரு பகுதியைப் படைப்பாளிகளுக்கு ஒதுக்கக் கேட்டால் என்ன?

வகுப்பறை:
இதற்கு நான் முழு ஆதரவு. படிக்கிறவர் தலையில் சுமை ஏறாத எந்த ஏற்பாட்டுக்கும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நூலக வரிப் பணம் நூல் வாங்கவே போதாமல் இருக்கும்போது அதில் கை வைக்க வேண்டாம். அரசு தனியாக நிதி ஒதுக்கட்டும்.

ஒளிக்கீற்று:
ஆதரிக்கிறேன். அச்சுக்கூடம் ஐயாவிடம் ஒரு கேள்வி. ராயல்டிச் சீட்டில் தொகையை மட்டும் எழுதுகிறீர்கள். எத்தனை படிகள் அச்சாயின, எத்தனை விற்றன என்று ஏன் எழுதுவதில்லை? ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளில் உரிமை திரும்பிவிடும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. அதை உங்கள் எழுத்தாளர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா?

அச்சுக்கூடம்:
சொன்னதில்லை. கேட்டால் மறைக்கவும் மாட்டேன். படிகளின் கணக்கை அடுத்த சீட்டிலிருந்து எழுதித் தருகிறேன். ஆனால் பெரிய பதிப்பகங்களும் தர வேண்டும். நான் மட்டும் கணக்குக் காட்டி, அவர்கள் மூடி வைத்தால் அதை ஏற்க மாட்டேன்.

தூரிகை:
பெரிய பதிப்பகங்களிடம் அந்தக் கணக்கைக் கேட்கப்போவது யார்? நீங்களா, நானா, தனித்தனியாகவா? சங்கம் வேண்டாம் என்கிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.